செத்த கம்பெனிக்குக் குங்குமம்

அத்தியாயம் ஐந்து

“உலகத்துல வெக்கப்படத் தெரியாத மனுசன் ஒருத்தன் இருக்கறான்னா அது நாந்தான்” என்று மலையாளத்துச் சித்தூரிலிருந்து கிழக்கே போகிற பஸ்ஸில் துப்பறியும் செங்கோட்டையன் அறிவித்தார்.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. நெஞ்சில் கை வைத்து, சுதந்திர தினத்தன்று கொடிக்கம்பத்தின் அடியில் நிற்கிற முகத்தோடு சொன்னார். கண்டக்டர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டு மரியாதையாகப் பார்த்தார். முன் சீட்டில் மடியில் கோழியோடு உட்கார்ந்திருந்தவர் தானும் திரும்பி, கோழியையும் திருப்பி வைத்தார்.

“வெக்கங்கறது என்ன? குத்தம் பண்ணுனவன் மூஞ்சிக்குப் போட்டுக்கற முக்காடு. துப்பறியறவனுக்கு அது ஆகாது. முக்காட்டுக்குள்ள இருந்துட்டு அடுத்தவன் மூஞ்சியைப் பாக்க முடியுமா? அதனால நான் அதைச் சின்ன வயசுலயே அறுத்துப் போட்டுட்டேன்.”

“அறுத்த எடத்துல தழும்பு கிழும்பு இருக்கா அண்ணாச்சி?” என்று கேட்டான் ராக்கப்பன்.

ராக்கப்பன் அவருடைய உதவியாளன். ஏலப்பாறை தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில் பிறந்தவன். சித்தூர் காலேஜில் படிக்க வந்தான். படிப்பு அவனை விட்டுப் போனபிறகும் ஊரை விடாமல், சைக்கிள் கடை மாடியில் செங்கோட்டையன் நடத்துகிற துப்பறியும் நிலையத்தில் ஒட்டிக்கொண்டான். நிலையத்தின் சொத்து ஒரு பூதக்கண்ணாடி. அதுவும் கீழே கடைக்காரர் டியூபில் ஓட்டை தேடுவதற்காக அடிக்கடி இறங்கிப் போய்விடும்.

ஜன்னலோரம் மூக்கம்மாள் உட்கார்ந்திருந்தாள். ராக்கப்பனின் சித்தி, இந்தக் கேசின் கட்சிக்காரி. கொழுந்து பறித்துப் பறித்துக் கறுத்த விரல்களால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, வெளியே வயல்களைச் சந்தேகத்தோடு பார்த்துக்கொண்டு வந்தாள்.

“ஏலே ராக்கு, என்னலே இது? இந்த ஊருல தரை எங்க பாத்தாலும் படுத்தே கெடக்கு?”

“ஒடம்பு சரியில்ல போல சித்தி.”

மூக்கம்மாளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவளுக்குச் சிரிப்பு வந்து இரண்டு வருஷமாகிறது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால்தான் ஸ்ரீ மலைநாயகி டீ அண்ட் புரொட்யூஸ் கம்பெனி லிமிடெட், ஏலப்பாறைக்குப் பக்கத்தில் இருந்த தன் சின்னத் தோட்டத்துக்கு ஒரு பூட்டைப் போட்டுவிட்டு, “நஷ்டம்” என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டு மலையிறங்கிப் போனது. லயத்திலிருந்த நாற்பது குடும்பங்கள் மட்டும் இறங்கவில்லை. இறங்குவதற்கு அவர்களுக்கு வேறு ஊர் இல்லை. காலி செய்யச் சொல்லிக் கம்பெனி ஆள் அனுப்பியபோது லேபர் கோர்ட்டுக்குப் போய்த் தடை வாங்கினார்கள். வழக்கு அவர்கள் பக்கம் சாய்கிற மாதிரி தெரிந்தது. அந்த நேரம் பார்த்துக் கம்பெனி சாகக் கிடந்தது.

கம்பெனி எப்படிச் சாகும்? இது மூக்கம்மாளுக்கு மட்டுமல்ல, செங்கோட்டையனுக்கும் போன வாரம் வரை தெரியாது. தெரிந்துகொள்ள எறணாகுளம் போனார்கள். மனிதனுக்குப் பிறப்பு இறப்பு எழுதப் பஞ்சாயத்து ஆபீஸ் இருப்பதுபோலக் கம்பெனிகளுக்கு எழுத அங்கே ஒரு ரிஜிஸ்ட்ரார் ஆபீஸ் இருக்கிறது. மூக்குக்கண்ணாடி போட்ட ஒரு மலையாளத்து அதிகாரி பொறுமையாக விளக்கினார். இந்த மாதிரி கம்பெனி பிறக்கப் பத்து மாதம் வேண்டாம், ஏழு பேர் ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட்டால் போதும். சாவது அதைவிடச் சுலபம். பேசாமல் இருந்தால் போதும். வருஷக் கணக்கு அனுப்பாத கம்பெனியின் கதவை ரிஜிஸ்ட்ரார் தபாலில் தட்டுவார்: “உள்ளே இருக்கிறாயா?” பதில் வராவிட்டால் மறுபடி தட்டுவார். அப்புறம் கெஜட்டில் போடுவார். அதற்கும் யாரும் வாயைத் திறக்காவிட்டால் பதிவேட்டில் பெயரை அடித்துவிடுவார். காரியம் முடிந்தது.

“அப்ப எங்க கேசு சாமி?” என்று மூக்கம்மாள் கேட்டாள்.

“எதிர்கட்சி இல்லாத்த கேஸ் எங்ஙனெ நடக்கும் அம்மே? ஹைக்கோர்ட்டில் போயி கம்பெனியெ உயிர்ப்பிக்கணம்” என்றார் அதிகாரி வருத்தத்தோடு.

ஹைக்கோர்ட் வரை போக லயத்தில் யாருக்கும் செருப்புக்கூட இல்லை. கம்பெனி செத்த மறுநாளே தடை உத்தரவும் செத்துவிடும். தோட்டத்துச் சில்வர் ஓக் மரங்களை ஏற்கெனவே வெட்டிக்கொண்டிருக்கிற கம்பம் காண்டிராக்டரின் ஆட்கள் அப்படியே லயத்துக் கூரையிலும் கை வைப்பார்கள்.

“மரம் வெட்டறது தொழில் இல்லீங்களா?” என்று செங்கோட்டையன் மடக்கிப் பார்த்தார். அதற்கும் அதிகாரியிடம் பதில் இருந்தது.

காண்டிராக்டர், கம்பெனி முத்திரை குத்திய ஒப்பந்தம் இருக்கிறது என்கிறான். கம்பெனியின் மானேஜிங் டைரக்டர் ரத்தினசாமியோ, முத்திரை ஆற்று வெள்ளத்தில் போய்விட்டது, அது கள்ள முத்திரை என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். கம்பெனிக்குக் கையும் இல்லை காலும் இல்லை, முத்திரைதான் அதன் கை. கை இல்லாத பிணம் மரம் விற்றது என்றால் ரிஜிஸ்ட்ரார் எப்படி நம்புவார்? தொழில் நடக்கிறது என்று காட்டுங்கள், பெயரை அடிக்க மாட்டோம் என்று சொல்லி, வெள்ளிக்கிழமை மத்தியானம் கம்பெனியின் விலாசத்துக்குத் தானே நேரில் வருவதாகவும் அதிகாரி ஒப்புக்கொண்டார். இன்றுதான் அந்த வெள்ளிக்கிழமை.

“பதினெட்டுக் கொலைக் கேசு பாத்திருக்கறேன்” என்றார் செங்கோட்டையன் பஸ்ஸிலிருந்து இறங்கிக்கொண்டே. “செத்தவனை ஆரு கொன்னதுன்னு கண்டுபுடிக்கறது சுளுவு. சாகாததைச் சாகலைன்னு ருசுப் பண்றது இதுதான் மொதல் தடவை.”

“பதினெட்டுலயும் செத்தது கோழிதானே அண்ணாச்சி?”

முன் சீட்டுக்காரர் கோழியை மார்போடு அணைத்துக்கொண்டார்.

கம்பெனியின் பதிவு செய்த அலுவலகம் தென்னந்தோப்புக்கு நடுவில் ஓட்டு வீடாக இருந்தது. கம்பெனி என்றால் வாசலில் உள்ளூர் எழுத்தில் பெயர்ப்பலகை இருக்க வேண்டும் என்பது சட்டம். சுவரில் நான்கு ஆணித் தழும்புகள் மட்டும் இருந்தன. பலகையைச் செங்கோட்டையனே கண்டுபிடித்தார். மாட்டுக்குப் பருத்திக்கொட்டை ஊறவைத்திருந்த தொட்டிக்கு அது மூடியாகக் கிடந்தது. “மலைநாயகி” பாதியும் “லிமிடெட்” முழுசும் தெரிந்தன.

“ஆப்புட்டுதடா சாட்சி!”

“கம்பெனி செத்ததுக்கு இதைவிட நல்ல சாட்சி கெடைக்காது அண்ணாச்சி” என்றான் ராக்கப்பன். “அதிகாரி வாரதுக்குள்ள மூடிருங்க. மாடாவது பொழைக்கட்டும்.”

கதவைத் தட்டியதும் வள்ளியாத்தாள் வந்தாள். ரத்தினசாமியின் மனைவி. நெற்றி நிறையக் குங்குமம், கை நிறைய மாவு. முன்பின் தெரியாத மூன்று பேரைப் பார்த்ததும் அவள் முகம், எதிர்பார்த்திருந்த உறம்பரைச் சொந்தம் வந்துவிட்டதுபோல மலர்ந்தது.

“வாங்க வாங்க. ஏனுங்க, வாசல்ல நிக்கறீங்க? அவுங்க ஊட்டுல இல்லீங்களே. உக்காருங்க, காப்பி கொண்டாறேன்.”

காப்பி வந்தது. தட்டில் நான்கு டம்ளர்கள். மூன்றை ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள். நான்காவதைப் பார்த்தாள். மூவரையும் பார்த்தாள். முகம் சிவந்து, டம்ளரை முந்தானையால் மூடிக்கொண்டு உள்ளறைக்கு எடுத்துப் போய்விட்டாள்.

உள்ளே யாரோ காப்பி உறிஞ்சும் சத்தம் தெளிவாகக் கேட்டது.

“பாத்தியாடா ராக்கு?” செங்கோட்டையன் மீசைக்குள் சிரித்தார். “ஆம்பளை உள்ள குத்தவெச்சுக் காப்பி குடிக்கறான். ஊட்டுல இல்லைன்னு பொய் சொல்ல வாசல்ல வேறொருத்தரை நிறுத்தி வெச்சிருக்கறான். இவனையெல்லாம் மனுசன்னு எந்த ஆபீசுலடா பதிஞ்சாங்க? நானா இருந்தா, எமனே வந்து தட்டுனாலும் ‘ஆமாங்க, நாந்தான், வாங்க’ன்னு கதவைத் தொறந்திருப்பேன்.”

“எமனுக்கும் காப்பி உண்டுமா?”

வள்ளியாத்தாள் திரும்பி வந்து நிலைப்படியில் சாய்ந்து, இந்தப் பக்கத்தில் புது ஆளிடம் கேட்கிற முதல் கேள்வியைக் கேட்டாள். “நீங்க எந்தக் கோயிலுங்க?”

குலதெய்வம் எது என்று அர்த்தம். ஒரே கோயில் என்றால் ஒரே ரத்தம். செங்கோட்டையனின் மூளை பதினெட்டுக் கோழிகளின் மரணத்திலும் வேலை செய்யாத வேகத்தில் வேலை செய்தது.

“அது இருக்கட்டுமுங்க. நீங்க பொறந்த ஊட்டுக் கோயில் எதுங்க?”

“கீழ்க்கரைச் செல்லாண்டியம்மனுங்க.”

“அட!” என்று எழுந்தே விட்டார். “நம்ம கோயிலுங்களே அது! நான் மேலூட்டுப் பங்காளிங்க!”

கண் இமைக்கவில்லை. ராக்கப்பன் அவர் காதில், “வேற கோயிலச் சொல்லியிருந்தா அதுவும் நம்மளதுதானே?” என்று கேட்டதற்குக் காலை மிதித்தார்.

வள்ளியாத்தாளுக்குக் கண் கலங்கிவிட்டது. கூடப் பிறந்தவர்கள் என்று அவளுக்கு யாரும் இல்லை. பங்காளிகள் என்று இருந்தவர்களும் எங்கெங்கோ பிரிந்து போய்விட்டார்கள். தை மாதம் மகளுக்குக் கல்யாணம். மாமன் சீர் செய்யப் பிறந்த வீட்டிலிருந்து ஒரு ஆண்பிள்ளை வந்து நிற்க வேண்டும். யாரைக் கூப்பிடுவது என்று ஆறு மாதமாக அம்மனிடம் முறையிட்டுக்கொண்டிருந்தாளாம்.

“அந்தாத்தாளே அனுப்பிச்சு வெச்சுட்டா பாருங்கண்ணா. நீங்க வந்து நிக்கோணும். வருவீங்கல்ல?”

“அதுக்கென்னம்மணி, வந்துட்டாப் போச்சு” என்றார் செங்கோட்டையன்.

காது மடல் லேசாகச் சுட்டது. வெயில் என்று நினைத்துக்கொண்டார். வானம் மூடிக் கிடந்தது.

அண்ணனாகிவிட்ட பிறகு சாப்பிடாமல் எழுந்திருக்க வழியில்லை. மூன்று இலை விழுந்தது. மூக்கம்மாள் தயங்கி ஓரமாக நின்றபோது வள்ளியாத்தாள் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். “அண்ணன்கூட வந்தவங்க ஓரமா நிக்கலாமுங்களா?” என்று சொல்லி நெய்யை அவள் சோற்றில்தான் முதலில் ஊற்றினாள். எந்த வீட்டுக்காரன் தன் கூரையைப் பிடுங்கப் பார்க்கிறானோ அந்த வீட்டு நெய் என்பது மூக்கம்மாளுக்குத் தெரியும். குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டாள்.

கை கழுவியதும், “மொதல் தடவை வந்திருக்கீங்க, சாமி கும்புட்டுட்டுத்தான் போகோணும்” என்று வள்ளியாத்தாள் பூஜை அறையைத் திறந்தாள்.

ஆயுத பூஜை முடிந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. வைத்தது வைத்தபடி இருந்தது. அரிவாள், கொழு, தேங்காய் உரிக்கிற கம்பி, பம்புசெட் ஸ்பேனர், ரேடியோப் பெட்டி என்று அந்த வீட்டில் எதெல்லாம் உழைக்கிறதோ அதெல்லாம் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. உழைக்காததற்குப் பொட்டு இல்லை. மூலையில் எந்தக் காலத்திலோ நின்றுபோன சுவர்க் கடிகாரம் வெறும் நெற்றியோடு சாய்ந்து கிடந்தது.

ரேடியோவுக்குப் பக்கத்தில் நீண்ட கைப்பிடி வைத்த ஒரு இரும்பு யந்திரம் இருந்தது. தலையில் சாமந்திப்பூ. நெற்றியில் காயாத மாதிரி சிவப்பாக ஒரு பெரிய பொட்டு.

“இது என்னங்கம்மணி?” செங்கோட்டையன் மூச்சைப் பிடித்துக்கொண்டு கேட்டார்.

“கம்பெனி முத்திரை மிசினுங்கண்ணா. காயிதத்தை உள்ள வெச்சு அமுக்குனா எழுத்து எந்திரிச்சு நிக்கும்.” அவள் குரலில் பெருமை வந்தது. “கம்பெனி பொறக்கறதுக்கு ஏழு பேரு வேணுமின்னாங்க. ஆறு பேருதான் கெடச்சாங்க. ஏழாவது நாந்தானுங்க. கைநாட்டு வெச்சேன். டைரட்டருன்னுகூட என்ற பேரை எழுதிக்கிட்டாங்க.”

வெளியே வந்ததும் ராக்கப்பன் படபடத்தான். “வெள்ளத்துல போன சீலு பூ வச்சுக்கிட்டு ஒக்காந்திருக்கு! தூக்கிட்டு ஓடிருவமா அண்ணாச்சி?”

“சேச்சே. அது திருட்டு. துப்பறியறவன் எடுக்க மாட்டான். அவுங்களையே எடுத்துக் குடுக்க வெப்பான்.”

சொல்லி முடிக்கவும் அதிகாரி குடையோடு தோப்புக்குள் நுழைந்தார். அதே நேரம் கொல்லைப்புறத்திலிருந்து ரத்தினசாமி வயலிலிருந்து வருகிறவர்போல வந்தார். தோளில் மண்வெட்டி இருந்தது. மண்வெட்டியில் மண் இல்லை, காலில் ஈரம் இல்லை, மீசையில் காப்பி நுரை இருந்தது.

“மீசையைத் தொடைச்சுக்கச் சொல்லுங்க, பாவம்” என்றான் ராக்கப்பன்.

செங்கோட்டையன் சிரிக்க வாயெடுத்தார். அதற்குள் ரத்தினசாமி நேராக அவரிடம் வந்து இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். உள்ளறையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

“வாங்க மச்சான். உங்க தங்கச்சிக்கு இன்னிக்குத்தானுங்க மூஞ்சியில களை வந்திருக்குது. சித்தெ இருங்க, இந்தச் சாரை அனுப்பிச்சுட்டு வந்துடறேன்.”

சிரிப்பு வந்த வழியே திரும்பிப் போயிற்று.

அதிகாரி நாற்காலியில் உட்கார்ந்து பைலைப் பிரித்தார். “கம்பெனி?”

“செத்துப் போயிங்க சார்” என்றார் ரத்தினசாமி, ஆபீசர்களுக்கென்று வைத்திருக்கிற மலையாளத்தில்.

“ஸீலோ?”

“வெள்ளத்தில போயி சார். புஸ்தகம், சீலு, சகலமும் ஒழுகிப் போயி.”

“அப்போள் காண்ட்ராக்டருடெ கையில் உள்ளது?”

“கள்ளச் சீலுங்க. நமக்கு ஒண்ணும் அறியாதுங்க.”

தயங்காமல் வந்தது. இரண்டு வருஷமாகக் கோர்ட்டிலும் கடிதத்திலும் சொல்லிச் சொல்லி வழவழப்பாகிவிட்ட பொய். அதிகாரி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மூக்கம்மாளை ஒருமுறை பார்த்தார். பார்க்காததுபோல் பேனாவின் மூடியைத் திருகினார். மூக்கம்மாள் தூணைப் பிடித்துக்கொண்டாள். அந்தப் பேனா கீழே இறங்கினால் நாற்பது கூரைகளும் இறங்கும்.

செங்கோட்டையன் தொண்டையைச் செருமினார். வீட்டைப் பார்த்துக் குரல் கொடுத்தார்.

“அம்மணி! அந்தப் பூசை ரூம்பு மிசினைச் சித்தெ எடுத்துட்டு வா. சாரு பாக்கோணுமாம்!”

ரத்தினசாமியின் தோளிலிருந்து மண்வெட்டி நழுவியது.

வள்ளியாத்தாள் சும்மா எடுத்து வரவில்லை. அண்ணன் கேட்ட பொருள் அல்லவா? தாம்பாளத்தில் வைத்து, வாடின சாமந்தியை எடுத்துவிட்டுப் புதுசாக ஒரு செம்பருத்தியைச் செருகி, இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு சிரித்த முகமாக வந்து அதிகாரியின் முன்னால் நீட்டினாள்.



அதிகாரி யந்திரத்தின் நெற்றியைத் தொட்டார். விரலில் சிவப்பு ஒட்டியது. “இது ஈ கொல்லத்தெ குங்குமம் ஆணல்லோ?”

“ஆமாங்க சார், இந்த வருச ஆயுத பூசைக்கு வெச்சது. பொட்டு நான் வெச்சேன். சூடம் அவுங்க காட்டுனாங்க.”

“ரத்னசாமீ, செத்த கம்பெனிக்கு எந்தினா பூஜை?”

தப்பிக்க வழி இருந்தது. பழைய இரும்பு, பொம்பிளை விவரம் தெரியாமல் பொட்டு வைத்துவிட்டாள் என்று ஒரு வார்த்தை போதும். அப்படிச் சொல்வார் என்று ராக்கப்பன் பதிலைக்கூடத் தயாராக வைத்திருந்தான். ரத்தினசாமி வாயைத் திறந்தார். எதிரே தாம்பாளத்தில் குங்குமம் இருந்தது.

“அப்புடிச் சொல்லாதீங்க சார்” என்றார், பதறிப்போய், சொந்தத் தமிழில். “ஓடற தொழிலுக்குப் பூசை போடாம உட்டா ஆத்தா பொறுப்பாளுங்களா?”

சொன்னதை அவரே கேட்டார். மற்றவர்களும் கேட்டார்கள். கவர்மெண்டிடம் எவ்வளவு பொய் வேண்டுமானாலும் சொல்ல வந்த வாய், அம்மனைப் பற்றி ஒன்று சொல்ல வராமல் இப்படிக் காட்டிக் கொடுத்துவிட்டது. அவர் மெதுவாகத் திண்டில் உட்கார்ந்தார். கோபப்படவில்லை. மேல்துண்டை எடுத்து மடியில் போட்டு, அதன் கரையை ஒவ்வொரு நூலாகப் பார்க்க ஆரம்பித்தார்.

“ஓடுந்நுண்டு” என்று அதிகாரி எழுதிக்கொண்டார். “பேர் வெட்டில்லா. லேபர் கோர்ட்டிலேக்கும் எழுதாம்.”

பெயர் அடிபடவில்லை என்று புரிந்ததும் மூக்கம்மாள் தூணை விட்டுவிட்டுக் கை கூப்பினாள். யாரைப் பார்த்துக் கூப்புவது என்று தெரியாமல் பொதுவாகக் கூப்பினாள்.

கதை இத்தோடு முடிந்திருந்தால் செங்கோட்டையன் பஸ்ஸில் பாடிக்கொண்டே போயிருப்பார். அதிகாரி பேனாவை மூடவில்லை; அனுப்பாத வருஷக் கணக்குக்கு வந்தார். “ஜீவனுள்ள கம்பெனி கணக்கு அயக்காத்தது குற்றமாணு. டைரக்டர்மார் எத்ர பேர்?”

“மூணு பேருங்க” என்றார் ரத்தினசாமி துண்டிடம். “ஒருத்தர் போன வருசம் தவறிட்டாரு.”

“பாக்கி?”

ரத்தினசாமி தாம்பாளத்தை ஏந்திய கைகளைப் பார்த்தார்.

“ஸமன்ஸ் ரெண்டு பேர்க்கும் வரும்” என்று சொல்லி அதிகாரி எழுந்துகொண்டார்.

வள்ளியாத்தாளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஏதோ நடந்துவிட்டது, தன் கையால் நடந்துவிட்டது என்பது மட்டும் புரிந்தது. புருஷன் முகத்தைப் பார்த்தாள். அது துண்டுக்குள் இருந்தது. அதனால் பிறந்த வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

“அண்ணா, சாரு என்னங்க சொல்றாரு? தை மாசம் வர்ற கலியாணத்துக்கு எதும் எடஞ்சல் வருமுங்களா?”

வெட்கப்படத் தெரியாத அந்த ஒரே மனிதர் தென்னை மரங்களின் உச்சியை மிகவும் கவனமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“காய் நல்லாப் புடிச்சிருக்குதுங்க” என்றார்.

திரும்பும் பஸ்ஸில் மூவரும் தனித்தனி சீட்டில் உட்கார்ந்தார்கள். ராக்கப்பன் இரண்டு ஜோக்குகள் சொல்லிப் பார்த்தான். மூன்றாவதை அவனே விழுங்கிவிட்டான். சித்தூர் நெருங்கும்போது மூக்கம்மாள் ஜன்னலைப் பார்த்துச் சொன்னாள்:

“எங்க கூரை நின்னுருச்சு. ஒங்களுக்குக் கோடிப் புண்ணியம். ஆனா அந்தம்மா சோத்துல நெய் ஊத்துச்சுலே. கெளம்பும்போது அது மொகத்த நான் ஏறெடுத்துப் பாக்கல. போயிட்டு வாரேன்னுகூடச் சொல்லல.”

“நாங்களும் சொல்லல சித்தி.”

செங்கோட்டையன் தூங்குவதுபோல் இருந்தார். தூங்குகிறவனின் காது இவ்வளவு சிவப்பாக இருக்காது.

அதற்கப்புறம் அவர் அந்தக் கேசைப் பற்றிப் பேசவில்லை. “செத்த கம்பெனியைப் பொழைக்க வெச்ச துப்பறியும் செங்கோட்டையன்” என்று நோட்டீஸ் அடிக்கலாம் என்று ராக்கப்பன் சொன்னபோது, பூதக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, காகிதம் விலை ஏறிவிட்டது என்றார். மூக்கம்மாள் ஊருக்குப் போய்ச் சேர்ந்து ஒரு தூக்கில் தேயிலைத் தூள் கொடுத்தனுப்பினாள். அதை அவர் தொடவில்லை.

ஐப்பசி அடைமழை பிடித்த ஒரு காலையில் சைக்கிள் கடை மாடிப்படியில் வளையல் சத்தம் கேட்டது. ராக்கப்பன் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே திரும்பினான். அவன் முகத்தில் ஜோக் எதுவும் இல்லை.

“அவுகதான். கையில பழுப்புக் கவரு. தனியா வாராக.”

செங்கோட்டையன் நாற்காலியிலிருந்து எழுந்தார். வாசலைப் பார்த்து ஓரடி வைத்தார். பிறகு அந்த அடியைத் திரும்ப எடுத்தார்.

வள்ளியாத்தாள் நனைந்த முந்தானையைப் பிழிந்துகொண்டு வாசலில் நின்றாள்.

“ஏனுங் தம்பி, அண்ணன் இருக்கறாங்களா? அந்தச் சாருகிட்டத்தான் அண்ணன் தொழிலையும் வெலாசத்தையும் கேட்டுக்கிட்டனுங்க. அன்னிக்கு அண்ணன் அவுங்க தொழிலைப் பாத்தாங்க, அதுல தப்பொண்ணுமில்லீங்க. என்ற பேருக்கு ஓலை வந்திருக்குது. கோர்ட்டுல என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியல. ஊட்டுக்காரரு பேச மாட்டேங்கறாரு. பொம்பளைக்கு ஒண்ணுன்னா பொறந்த ஊட்டுலதானுங்களே கேக்கோணும்?”

ராக்கப்பன் அவளைப் பார்த்தான். பிறகு பக்கத்து அறையின் அரைக் கதவைப் பார்த்தான். கதவுக்குப் பின்னாலிருந்து, அவனுக்கு மட்டும் கேட்கிற குரலில் ஒரு ஆண்பிள்ளை கெஞ்சினார்:

“ராக்கு… நான் ஊட்டுல இல்லைன்னு சொல்லுடா.”

ராக்கப்பன் வாசல் பக்கம் திரும்பினான். “அண்ணாச்சி இல்லீங்கம்மா. வெளிய போயிருக்காக.”

“பரவால்லீங்க தம்பி” என்று வள்ளியாத்தாள் பெஞ்சில் உட்கார்ந்து, கவரை நனையாத மடியில் வைத்துக்கொண்டாள். “எனக்கு வேற சோலி இல்லீங்க. அண்ணன் வர்ற வரைக்கும் இருக்கறேன்.”

வெளியே மழை விடுகிற மாதிரி தெரியவில்லை. கதவுக்குப் பின்னால் செங்கோட்டையன் சுவரோடு ஒட்டி நின்றார். இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார்.